மூன்றாவது மூச்சு

நவநீதனுக்குச் சோறு போட்டது சந்தேகம்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எரிந்த கிடங்கு தானாக எரிந்ததா, தொலைந்த நகை உண்மையிலேயே தொலைந்ததா என்று துருவித் துருவிக் கேட்பதில் அவன் கில்லாடி. அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவான். அவன் மனைவி சுகிர்தா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது?

அப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் அந்தப் பவளத் தொட்டி வந்து சேர்ந்தது.

கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவில் பவளமெல்லாம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மிச்சமிருந்த துண்டுகளை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவானது. கடல் ஆறும்வரை அவை நம் கூடத்தில் வளரும், பிறகு திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கடலில் நடுவார்கள். வளர்ப்பவர்களுக்கு மின்கட்டணத்தில் சலுகை. நீலத்திட்டு என்ற நிறுவனம் தொட்டிகளைக் கொண்டுவந்து பொருத்தியது. மேடவாக்கத்தில் நவநீதன் குடியிருந்த அடுக்ககத்தில் முதலில் பேர் கொடுத்தவன் அவன்தான். பவளத்தின் மேல் பாசமா, சலுகையின் மேல் பாசமா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

தொட்டி வந்த அன்றே மீன் நீந்தும் என்று நினைத்தவனுக்கு ஏமாற்றம். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, மணல் பரப்பி, கடல்பாறைகளை அடுக்கிவிட்டு நிறுவனத்தின் பொறியாளர் மோனிஷா கிளம்பிவிட்டாள். பாறை ஒரு வாரத்துக்குச் சேற்றுக் கால்வாய் போல நாறியது. அப்புறம் தண்ணீரில் விஷம் ஏறி, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, விஷம் மெல்ல இறங்கியது. மணல்மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்தது. அதை மேய நத்தைகள் வந்தன. இவ்வளவும் முடிந்து, நவநீதன் தன் சொந்தச் செலவில் சோதனைக் குப்பிகள் வாங்கி, தொட்டி காட்டும் அளவெல்லாம் உண்மைதானா என்று சரிபார்த்த பிறகுதான் பவளத் துண்டுகள் வந்தன. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று ஐந்து துண்டுகள். விளக்கொளியில் அவை விரல் விரித்தபோது அவன் கண் கலங்கிவிட்டான். அதைச் சுகிர்தா பார்த்துவிட்டாளோ என்று உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

அன்றுதான் தொட்டி முதல்முறையாகப் பேசியது. பதமான பெண் குரல். "வீட்டில் மூவர்."

"இது எதுக்கு ஆள் எண்ணுது?" என்றான் நவநீதன்.

"நாம விடற மூச்சு தண்ணில கரையுது சார்," என்றாள் மோனிஷா. "கரைஞ்சா தண்ணி புளிச்சுப் போகும். புளிச்ச தண்ணில பவளம் வளராது. அதுக்கு ஈடா தொட்டி தானாவே சுண்ணாம்புத் தண்ணியச் சொட்டுச் சொட்டா விட்டுக்கும். எவ்வளவு விடணும்னா, எத்தனை பேர் மூச்சு விடறாங்கன்னு தெரியணும்ல?"

"ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா?"

"கதவிடுக்கே போதும் சார். இதோ, இந்த நுரைக்குழாய் வீட்டுக் காத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். குழந்தை, பெரியவங்க, தூங்கறவங்க, ஓடிட்டு வந்தவங்க, எல்லாம் பிரிச்சுப் பாக்கும்."

"ஏமாத்தவே முடியாதா?"

தொழில்புத்தி கேட்ட கேள்வி அது. மோனிஷா சிரித்தாள். "நீங்களே கையால சுண்ணாம்புத் தண்ணிய இந்தக் குழாய்ல ஊத்தினா கணக்கு கொழம்பும். கம்மியா எண்ணும். ஆனா பவளம் வெந்துடும் சார். தயவுசெஞ்சு அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க."

தொட்டிக்கு ஆள் எண்ணத் தெரியும் என்ற செய்தி பரவியதும் நம் ஊர் என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்? பேச்சிலர்களுக்கு வீடு விடுகிறவர்கள் வாடகையோடு ஒரு தொட்டியையும் சேர்த்து வைத்தார்கள். விடுதிகளில் தளத்துக்கு ஒன்று வந்தது. வெளியூரில் இருக்கும் கணவன்மார்களுக்குத் திடீரென்று கடல் வளத்தின்மேல் அக்கறை பொங்கியது. பவளத்தைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார்கள், அதை மறுப்பதற்கில்லை.

நவநீதன் செய்த காரியம் இன்னும் பெரிது. தொட்டிக்குப் பால் காய்ச்சினான். ஆமாம், புதுவீட்டுக்குச் செய்வது போலவே. சொந்தக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கண்ணாடிக்கு யாரோ சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஒரு அத்தை மஞ்சள்தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே தெளிக்கப் போக, மோனிஷா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், வந்தவர்களையெல்லாம் தொட்டியின் காப்பாளர்களாகச் செயலியில் சேர்த்துவிட்டான் நவநீதன். இனி யார் வேண்டுமானாலும் தங்கள் கைபேசியிலேயே பவளத்தைப் பார்க்கலாம். கூடவே, மூலையில் சின்ன எழுத்தில், வீட்டில் எத்தனை பேர் என்பதையும். சுகிர்தாவின் அக்கா வீட்டுக்காரர் பூபாலன் சிவகங்கையிலிருந்து தன் இரண்டு தம்பிகளோடு வந்திருந்தார். அவர்களையும் சேர்த்துக்கொண்டான். கூப்பிட்ட விசேஷத்தில் ஒருவரை விட்டு ஒருவரைச் சேர்த்தால் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டுமே.

அடுத்த மாதம் பூபாலனின் மகள் நேத்ரா வீட்டை விட்டுப் போனாள். அன்புராஜ் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போயிருந்தாள். பையன் வேறு ஆட்கள். பூபாலனின் தம்பிகள் கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார்கள். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் நவநீதன் திருப்பூரில் இருந்தான். எரிந்துபோன பனியன் கிடங்கு ஒன்றைப் பரிசோதிக்க ஒரு வார வேலை. இரண்டாம் நாள் பூபாலன் கூப்பிட்டார்.

"சகல, எங்க இருக்கீக?"

"திருப்பூர்லண்ணே. வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு. நேத்ரா பத்தி எதும் தெரிஞ்சுச்சா?"

"இல்லப்பா," என்றார் பூபாலன். "சரி, வேலையப் பாருங்க," என்று வைத்துவிட்டார்.

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, பவளத்தைப் பார்க்கலாமே என்று செயலியைத் திறந்தான் நவநீதன். பவளம் நன்றாகத்தான் இருந்தது. மூலையில் எழுதியிருந்தது: வீட்டில் இருவர்.

அவன் திருப்பூரில். சுகிர்தா வீட்டில். அப்படியென்றால் அந்த இன்னொருவர்?

உடனே கேட்டுவிட அவன் என்ன புதுசா? பொய்க்காரரிடம் நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவார். மறுநாள் காலையிலும் பார்த்தான், மதியமும் பார்த்தான். இருவர், இருவர். மாலையில் சுகிர்தாவைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, மழை உண்டா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, "யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றான்.

"யாருமில்லையே. ஏன்?"

"தொட்டி ரெண்டு பேருன்னு காட்டுது."

"சாமி ரூம்ல பெரிய விளக்கு ஏத்தி வெச்சிருக்கேங்க. அதுவும் காத்தைத் திங்கும்ல? நேத்ராவுக்காக ஒரு வேண்டுதல்."

பதில் கச்சிதம். அதுதான் உறுத்தியது. கேட்காத காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறவரிடம்தான் ஏதோ இருக்கும், அவன் தொழிலில் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது. மோனிஷாவைக் கூப்பிட்டான்.

"விளக்கு எரிஞ்சா ஒரு ஆள்னு எண்ணுமா மேடம்?"

"பெரிய விளக்குன்னா எண்ணலாம் சார். இருங்க பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் தணிந்தது. "சார், விளக்கு ஒரே சீரா எரியும். இது ஏறி இறங்குது. திடீர்னு வேகமா வருது, அப்புறம் நின்னு நின்னு வருது. இது யாரோ மூச்சு விடறதுதான். இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

திடீரென்று வேகமாக வரும் மூச்சு. நவநீதனின் மூளை அதை வைத்து எழுதிய கதையை இங்கே விவரிக்க வேண்டாம். அவனுடைய சந்தேகத்துக்கு ஓர் ஆணின் உருவம்தான் தெரியும், வேறு உருவம் எதுவும் தெரியாது. அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுகிர்தா தன்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம்தான் கோபமாக மாறியது. விடிந்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறிவிட்டான்.

மதியம் வீட்டு வாசலில் நின்று, மணி அடிக்காமல், தன் சாவியால் கதவைத் திறந்தான். கூடத்தில் ஜன்னல்களெல்லாம் அகலத் திறந்து கிடந்தன. சமையலறையிலிருந்து சுகிர்தா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"வீட்டில் மூவர்," என்றது தொட்டி.

நவநீதன் நேராகப் படுக்கையறைக்குப் போனான். கட்டிலுக்கடியில் பார்த்தான். அறைக்குள்ளிருந்த குளியலறைக் கதவைத் தள்ளினான். அங்கே, தொட்டிக்கு உப்பு வந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு நேத்ரா உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"சித்தப்பா," என்றாள். "சித்தியத் திட்டாதீங்க."

நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தால் மனிதனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று சுகிர்தாவைக் கேட்டான்.

"தினமும் உங்க சகலகூடப் பேசறீங்க. பேச்சுவாக்குல வாய் தவறிட்டா? அன்புராஜ் கொச்சில வீடு பாத்திருக்கான். நீங்க வர்றதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுவான், அதுவரைக்கும்தான்னு நெனைச்சேன். இந்தச் சனியன் எண்ணும்னு எனக்கு ஞாபகமே வரல. நீங்க கேட்டப்புறம் ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சேன், அப்பவும் எண்ணுது." அவள் குரல் உடைந்தது. "நீங்க என்னை என்னன்னு நெனைச்சீங்கன்னு எனக்குத் தெரியும். அதை அப்புறம் பேசிக்கலாம்."

அதற்குள் அவன் கைபேசி அடித்தது. பூபாலன்.

"சகல, வீட்டுக்கு வந்துட்டீக போலிருக்கு. மூணு காட்டுதே."

நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பூரில் இருக்கிறேன் என்று அவனே வாய் திறந்து சொல்லியிருந்தான். அதன் பிறகு இந்த மனிதர் இருவர், இருவர் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் தம்பிகளும் பார்த்திருப்பார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார்ண்ணே. இப்பக் கிளம்பிட்டார்," என்றான். வாழ்நாளெல்லாம் பொய்யைப் பிடித்தவன் சொன்ன பொய் எவ்வளவு மட்டமாக இருந்தது!

"சரி. நான் கீழதான் காரை நிறுத்துறேன். மெட்ராஸ்ல ஒரு சோலி. பவளத்த நேர்ல ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

சுகிர்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பிளக்கைப் பிடுங்கிடுங்க!"

"பிடுங்கினா எல்லார் போன்லயும் மணி அடிக்கும். ஏன் பிடுங்கினன்னு ஊரே கேக்கும்." நவநீதன் எழுந்தான். அவர் உள்ளே வந்தால் நால்வர். தொட்டி மூவர் என்று சொல்லியாக வேண்டும். அவன் தொட்டிக்கு அடியிலிருந்த சுண்ணாம்புத் தண்ணீர்ப் புட்டியை உருவினான். பாறை நாறிய நாளிலிருந்து காத்திருந்து வளர்த்த ஐந்து துண்டுகளையும் ஒருமுறை பார்த்தான். பிறகு நுரைக்குழாயில் ஊற்ற ஆரம்பித்தான்.

நேத்ராவைக் குளியலறையில் வைத்துப் படுக்கையறைக் கதவையும் சாத்தினார்கள். அழைப்பு மணி அடித்தது.

பூபாலன் ஒடுங்கிப்போயிருந்தார். வெள்ளை வேட்டி கசங்கிக் கிடந்தது. வாங்க மச்சான் என்று சுகிர்தா சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நேராகப் போய்த் தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரில் பால் கலந்தது போல ஒரு மங்கல் பரவிக்கொண்டிருந்தது. பவளங்கள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன.

"ஏன் சகல இப்படி வெளுக்குது?"

"தண்ணி மாத்தினோம்ண்ணே. சரியாயிடும்."

தொட்டி கொஞ்சம் தாமதித்தது. பிறகு சொன்னது: "வீட்டில் மூவர்."

நவநீதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தை எதிர்பார்த்தான், சந்தேகத்தை எதிர்பார்த்தான். இரண்டும் வரவில்லை. பூபாலன் விரல்விட்டு எண்ணினார். தன்னை, சுகிர்தாவை, நவநீதனை. விரல்கள் மூன்றோடு நின்றன. அவர் தோள் இரண்டும் அப்படியே தொங்கிப்போயின.

"அப்ப புள்ள இங்க இல்லையா?" என்றார்.

சுகிர்தாவின் பக்கம் திரும்பினார்.

"ராத்திரியெல்லாம் இந்தப் போனப் பாத்துக்கிட்டே கிடந்தேன் சுகி. நீ தனியா இருக்க, வீட்டுல இன்னொரு மூச்சு ஓடுது. அது அவதான்னு நெனைச்சுக்கிட்டேன். உசுரோட இருக்கான்னு நெனைச்சுத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். உங்க அக்காகிட்டகூடச் சொல்லல." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்கயும் இல்லன்னா அப்ப எங்க? என் தம்பிங்க கையில கெடச்சிட்டாளா? எனக்குத்தான் சொல்லாம வெச்சிருக்கானுங்களா?"

அழுகிறவர்கள் நிறையப் பேரை நவநீதன் பார்த்திருக்கிறான். நகையைத் தானே ஒளித்துவிட்டு, தரையில் புரண்டு அழுதவர்கள் உண்டு. பூபாலன் அழுவது மெய்யா, மகளை வெளியே வரவழைக்கும் தூண்டிலா? கண்ணைப் பார்த்தான், கையைப் பார்த்தான். அத்தனை வருட அனுபவமும் கைவிட்டுவிட்டது. சுகிர்தாவின் உதடு துடித்தது. சொல்லிவிடுவாள் என்று பயந்து அவள் கையை இறுகப் பிடித்தான். ஓர் அப்பனிடம், உன் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நிற்பது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

குளியலறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழ நேத்ரா பழகியிருந்தாள். ஆனால் அப்பாவின் குரல் கதவைத் தாண்டிப் போயிருந்தது. மூச்சுக்குத் தெரியுமா ஒளிந்துகொள்ள?

"திருத்தம்," என்றது தொட்டி அதே பதமான குரலில். "வீட்டில் நால்வர்."

பூபாலன் தலையைத் தூக்கினார். தொட்டியைப் பார்த்தார். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார். நவநீதன் இரண்டடி நகர்ந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

அப்போது பூபாலனின் கைபேசி அடித்தது. திரையில் அவருடைய சின்னத் தம்பியின் பெயர். ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, எங்க இருக்கீக? உங்க சகல வீட்டுல நாலு காட்டுதே, ஆரு அது?"

"நான்தாண்டா வந்திருக்கேன்," என்றார் பூபாலன். குரலில் ஈரம் சுத்தமாக இல்லை. "தண்ணி குடிக்கட்டும்னு டிரைவரையும் மேல கூப்புட்டேன். இங்க ஒண்ணும் இல்ல. நான் எல்லா ரூமும் பாத்துட்டேன். நீங்க பாட்டுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் பாருங்க."

வைத்துவிட்டு எழுந்தார். படுக்கையறைப் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"உள்ள போய்ப் பாக்கலையா மச்சான்?" என்று சுகிர்தா தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"வேணாம். பாத்துட்டா, பாக்கலன்னு அவனுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வராது." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நவநீதன் பால்கனிக்கு ஓடினான். கீழே பூபாலன் தன் கையாலேயே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறினார். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. சிவகங்கையிலிருந்து தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே நேத்ரா குளியலறைத் தரையில் விழுந்து, அப்பா, அப்பா என்று சத்தமாகவே அழுதாள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுகிர்தாவும் அழுதாள்.

நவநீதன் அவரை நம்பினான். முழுசாக நம்பினான். ஆனாலும், அந்தத் தம்பி சரியாக அந்த நேரத்தில் ஏன் கூப்பிட்டான், ஒலிபெருக்கியில் ஏன் போட்டார் என்ற கேள்விகள் பின்னாலேயே வந்தன. அன்று மாலையே, தன் அலுவலகத் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு நேத்ராவை அனுப்பிவிட்டான். அந்த வீட்டில் தொட்டி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டான்.

பவளத்தில் மூன்று துண்டுகள் வெந்து எலும்பாகிவிட்டன. மோனிஷா வந்து பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், எப்படி ஆனது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை பூபாலன் கூப்பிட்டார்.

"சகல, ரெண்டு பேருன்னு காட்டுது."

"ஆமாண்ணே."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"என்னை நம்பல, இல்ல?"

அப்படியில்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொல்ல நவநீதனுக்கு வாய் வரவில்லை.

"நல்ல காரியம் பண்ணீக," என்றார் பூபாலன். "அப்படியே இருங்க. நாளைக்கு நானே அழுதுகிட்டு வந்து எங்கன்னு கேட்டாலும் சொல்லிப்புடாதீக."